குழாயுட் செல்லும் கருவியும் அதன் வேகமும்

மசகெண்ணெயையும் இயற்கை வாயுவையும் நெடுந்தூரம் கொண்டுசெல்லும் உருக்குக் குழாய்கள் பெரும்பாலும் மண்ணுள்ளும் கடலடியிலும் புதைந்து கிடப்பன. பதிக்கும் நாளில் அவற்றின் மூட்டுக்களையும் மேற்பூச்சையும் சோதித்தறிதல் எளிது. மண் மூடியபின் ஐம்பது அறுபது ஆண்டுகள் அவை எவர் கண்ணிலும் படுவதில்லை. அக்காலமெல்லாம் உள்ளே தேங்கிய ஈரம் துருவை வளர்க்கும். வெளியே பூச்சு உரிந்த இடத்தில் மண்ணின் ஈரமும் உப்பும் உலோகத்தைச் சிறிது சிறிதாக அரிக்கும். பத்து மில்லிமீற்றர் தடித்த சுவர் மூன்று மில்லிமீற்றராய்த் தேய்ந்த பின்னரும், மேலே நிற்பவனுக்குப் புல்லும் மண்ணுமன்றி வேறொன்றும் தோன்றாது.

இக்குருட்டு நிலையின் விளைவு யாதென்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 2000 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19 ஆந் தேதி, ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்துக் கார்ல்ஸ்பாட் நகருக்கு அண்மையில், பெக்கோஸ் ஆற்றங்கரையில் 30 அங்குல விட்டமுள்ள வாயுக் குழாய் ஒன்று வெடித்தது. அயலிற் கூடாரமிட்டுத் தங்கியிருந்த 12 பேர், குழந்தைகள் உட்பட, அத்தீக்கு இரையாயினர். குழாயின் அடிப்புறத்தைத் துரு உள்ளிருந்தே தின்றிருந்தது. வெடித்த பகுதியோ துப்புரவுக் கருவி சென்று வருதற்கேற்ற அமைப்பு உடையதாய் இருக்கவில்லை. மற்றையது அலாஸ்காவின் வடபாலுள்ள புரூடோ விரிகுடா எண்ணெய் வயலில் 2006 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழ்ந்தது. ஓட்டம் மெதுவான ஒரு குழாயில் வண்டல் படிய, அதன்கீழ் ஈரமும் நுண்ணுயிர்களும் தங்கி அரிக்க, சிறு துளை வழியே இரண்டு இலட்சம் கலனுக்கு மேற்பட்ட எண்ணெய் பனிநிலத்திற் பரந்தது. 1998 ஆம் ஆண்டுக்குப்பின் அக்குழாயினுள் எக்கருவியும் செலுத்தப்பட்டிருக்கவில்லை.

இங்குக் கருவியென்றது, குழாயினுள் ஓடும் திரவத்தாலோ வாயுவாலோ உந்தப்பட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் பொருளை. ஆங்கிலம் பேசும் தொழிலாளர் அதனைப் ‘பன்றி’ என்றே அழைப்பர். குழாய்ச் சுவரை உராய்ந்து செல்லும்போது எழும் கிறீச்சொலி பன்றியின் கத்தலை ஒத்தமையாற் பெயர் வந்தது என்பது வழங்கிவரும் விளக்கம். மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் சேர்ந்து அப்பெயர் ஆயிற்று என்பாரும் உளர். அது பெயர் வழக்குக்கு வந்தபின் பொருத்திக்கொண்ட விளக்கமாகவே தோன்றுகின்றது. 1865 ஆம் ஆண்டிற் பென்சில்வேனியாவில் சாமுவேல் வான் சைக்கல் என்பார் 2 அங்குலக் குழாய் வழியே ஏறத்தாழ 5 மைல் தூரத்துக்கு எண்ணெய் அனுப்பி வெற்றிகண்டார். குழாய்கள் பெருகிய பின்னர் மெழுகு படிந்து வழியை அடைக்கும் தொல்லையும் பெருகிற்று. கந்தையும் வைக்கோலும் தோலும் சேர்த்துக் கட்டிய உருண்டையை உள்ளே விட்டு எண்ணெயாலேயே தள்ளி மெழுகை வழித்தெடுத்தமையே இக்கலையின் தொடக்கம்.

இன்றைய பன்றி நீண்ட உருக்கு உடலும், அதனைச் சுற்றி இறப்பர் போன்ற பொலியூரதேன் வளையங்களும் உடையது. வளையங்கள் சுவரோடு இறுகப் பொருந்துதலாற் பின்னுள்ள பாய்பொருள் முன்னே எளிதிற் செல்லமாட்டாது. ஆகவே பின்புற அமுக்கம் முன்புற அமுக்கத்திலும் கூடி, உருளையினுள் முசலத்தைத் தள்ளுவதுபோலக் கருவியைத் தள்ளும். துப்புரவு செய்வன சில. நீரை வெளியேற்றுவன சில. சுவரின் தேய்வை அளந்து பதிவன சில. கடைசியிற் கூறியவை 1960 ஆம் ஆண்டுகளில் வழக்கிற்கு வந்தன. 1970 ஆம் ஆண்டுகளிற் பிரித்தானிய வாயுத் துறையினர் அவற்றை மிகவும் நுட்பமுடையனவாக்கினர். வேகம் என்னும் சிக்கல் இவ்வளக்கும் கருவிகளுக்கே பெரிது.

அளக்கும் முறைகளுட் பெருவழக்கானது காந்தப் பாயக் கசிவு முறை. கருவியின் உடலிலுள்ள வலிய நிலைக்காந்தங்கள், உருக்குக் கம்பித் தூரிகைகள் வாயிலாகக் குழாய்ச் சுவரைக் காந்த நிரம்பல் நிலைக்கு அண்மையாகக் கொணர்கின்றன. சுவர் முழுத் தடிப்புடன் இருக்கும் இடத்துக் காந்தப் பாயம் உலோகத்துள்ளேயே அடங்கிச் செல்லும். துரு தின்று மெலிந்த இடத்தில் அதற்கு இடம் போதாமையாற் பாயத்தில் ஒரு பகுதி சுவருக்கு வெளியே கசியும். துருவங்களின் நடுவே வளையமாக அமைந்த உணரிகள் அக்கசிவை அறிந்து பதிவுசெய்யும். குழி சுவரின் வெளிப்புறத்தே இருப்பினும் உள்ளிருந்தே அறியக்கூடுமாதல் இம்முறையின் சிறப்பு.

இனி, காந்தம் உலோகச் சுவரினூடே விரைந்து நகருமாயின் நிகழ்வது யாது? 1831 ஆம் ஆண்டிற் பரடே கண்ட தூண்டல் விதிப்படி, மாறும் காந்தப் பாயம் கடத்தியில் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும். 1834 ஆம் ஆண்டில் லென்சு கூறிய விதிப்படி, அம்மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த மாற்றத்தை எதிர்க்கும். எனவே குழாய்ச் சுவரில் எழும் சுழியோட்டங்கள், காந்தப் பாயம் சுவரின் ஆழத்துக்குட் புகுவதைத் தடுக்கின்றன. வேகம் கூடக்கூடச் சுவரின் வெளிப்பாகம் போதிய காந்தத்தைப் பெறாதொழிகின்றது. கசிவுக் குறியும் உருத்திரிந்து இடம்பெயர்ந்து தோன்றும். ஆழமான குழி ஆழமற்றதாகக் காட்டப்படுதலும் கூடும். மாணவர் சுழியோட்டத்தைப் பரீட்சைக்குரிய ஒரு தலைப்பாகவே கொள்வர். குழாயினுள் அதுவே மனித உயிரைப் பற்றிய தீர்ப்பைத் திரித்துவிட வல்லது.

இக்காரணத்தால் இவ்வகைக் கருவிகள் செக்கனுக்கு ஏறத்தாழ அரை மீற்றர் முதல் நான்கு அல்லது ஐந்து மீற்றர் வரையுள்ள வேகத்திற் செல்லவேண்டும் எனப் பொதுவாக வரையறுப்பர். வேகமிகுதியாற் பதிவுகள் இடைவிட்டுப் போதல் வேறொரு குறை. 3 மில்லிமீற்றருக்கு ஒருமுறை அளக்கும் உணரி, 3 மீற்றர் வேகத்திற் செக்கனுக்கு 1,000 முறை அளந்தாற் போதும். 12 மீற்றர் வேகத்தில் 4,000 முறை அளத்தல் வேண்டும். இக்குறையை இலத்திரனியல் வளர்ச்சி பெரும்பாலும் தீர்த்துவிட்டது. சுழியோட்டத்தை அவ்வாறு தீர்க்க முடியாது. அஃது இயற்கையின் விதி. மிக மெதுவாகச் செல்வதும் நன்றன்று. ஏனெனின் அரை மீற்றரிலும் குறைந்த வேகத்திற் கருவி நின்று நின்று செல்லும் இயல்பைப் பெறும்.

திரவக் குழாய்களில் வேகத்தைக் கட்டுப்படுத்துதல் பெருஞ்சிக்கலன்று. திரவம் அமுக்கத்தாற் சுருங்குவது மிகச் சிறிதாகலின், கருவியின் வேகமும் திரவத்தின் வேகமும் ஏறக்குறைய ஒன்றே. பம்பு நிலையத்தில் ஓட்டத்தைக் கூட்டினாற் கருவி விரையும், குறைத்தாற் தளரும். அலாஸ்காவைத் தெற்குவடக்காகக் கடக்கும் 48 அங்குலக் குழாய் இதற்கு நல்ல சான்று. 1977 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அக்குழாய் 800 மைல் நீளமுடையது. 1988 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு இருபது இலட்சம் பீப்பாய்க்கு மேல் அதனூடே ஓடியபோது, எண்ணெயும் அதனுடன் சென்ற கருவியும் நாலரை நாள் அளவில் வால்டீஸ் துறையை அடையக்கூடியனவாயிருந்தன. ஓட்டம் ஐந்து இலட்சம் பீப்பாயிலும் குறைந்தபின் அதே பயணத்துக்கு இரண்டரைக் கிழமைக்கு மேலாகின்றது. வேகம் குறைய எண்ணெய் குளிரும். குளிர மெழுகு மிகுதியாகப் படியும். மெழுகு படியத் துப்புரவுக் கருவியின் தேவையும் மிகும். திரவக் குழாயிலும் மலையிறக்கத்தில் மட்டும் ஓர் இடர் உண்டு. உச்சியைக் கடந்த எண்ணெய் குழாயை நிரப்பாது அடியில் மட்டும் விரைந்தோடுமாயின், கருவி தாங்குவாரின்றிச் சறுக்கிச் சென்று கீழேயுள்ள நிறைந்த எண்ணெயில் மோதும். கீழ்முனையில் எதிரமுக்கத்தை உயர்த்திக் குழாயை நிறைந்தபடி வைத்திருத்தலே அதற்குப் பரிகாரம்.

வாயுக் குழாயின் இயல்பு முற்றும் வேறு. சிறுவர் மூங்கிற் குழலின் இரு முனைகளிலும் பச்சைக் காய்களை இறுக அடைத்து, ஒரு கோலாற் பின்காயைத் தள்ளி விளையாடுவர். கோல் நகரும், முன்காய் நகராது, இடையிலுள்ள காற்று நெருங்கும். ஒரு கட்டத்தில் உராய்வு தோற்க, முன்காய் ஓசையுடன் பாய்ந்தோடும். வாயுக் குழாயினுட் செல்லும் கருவியின் நிலையும் இதுவே. நின்ற பொருளை நகர்த்த வேண்டிய விசை, நகரும் பொருளை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டிய விசையிலும் கூடியது. எனவே ஒருமுறை நின்ற கருவிக்குப் பின்னால் வாயு நெருங்கி நெருங்கி அமுக்கம் உயரும். கருவி பெயர்ந்தவுடன் உராய்வு திடீரெனக் குறைய, மிஞ்சிய அமுக்கம் முழுவதும் அதனை ஆர்முடுக்கும். 36 அங்குலக் குழாயின் உட்குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 0.62 சதுர மீற்றர். அங்கு மிஞ்சிய அமுக்கம் ஒரு வளிமண்டல அளவே எனினும், விசை 62,000 நியூற்றன் ஆகும். கருவியின் திணிவு 3 தொன் எனக் கொண்டால் ஆர்முடுகல் புவியீர்ப்பினாலாய ஆர்முடுகலின் இருமடங்கைக் கடக்கும். வாயு விரிந்து அமுக்கம் தாழுமுன் அக்கருவி பல மீற்றர் தூரத்தைப் பாய்ந்து கடந்துவிடும். கடந்த இடத்துப் பதிவு பயன்படாது.

கருவி எங்கே நிற்கும் என்பதும் கருதத்தக்கது. வீதி, புகையிரதப் பாதை, ஆறு, மனைகள் ஆகியவற்றின் கீழே குழாயின் சுவரைத் தடிப்பாக அமைப்பது வழக்கம். வெளிவிட்டம் ஒன்றாகவே இருத்தலின் சுவர் தடிக்க உள்விட்டம் ஒடுங்கும். ஒடுங்கிய வாயிலிற் கருவி இறுகித் தளரும். தடித்த பகுதியை விட்டு வெளிப்படும்போது தளையறுத்த காளைபோலப் பாயும். ஆகவே மக்கள் நடமாட்டம் மிகுந்த இடத்தை அடுத்த பகுதியே, கருவி குருடாய்ச் செல்லும் பகுதியாக அமைந்துவிடுகின்றது. இதனினும் வருந்தத்தக்க பொருத்தம் வேறில்லை.

அன்றியும் வாயுவின் பொதுவான வேகமே பல குழாய்களிற் கருவிக்கு ஒவ்வாத அளவு மிகுதியானது. செக்கனுக்கு 8 அல்லது 10 மீற்றர் என்பது அரிதன்று. மேலும் குழாய் நெடுகிலும் அவ்வேகம் ஒரு தன்மையாய் இராது. ஓரிடத்தைக் கடக்கும் வாயுவின் திணிவு எங்கும் ஒன்றே. உராய்வால் அமுக்கம் தாழத் தாழ வாயு விரியும். விரிந்த வாயு அதே குழாயிற் செல்ல வேண்டுமாயின் விரைந்தே செல்லவேண்டும். அமுக்கி நிலையத்தில் 70 வளிமண்டல அமுக்கத்துடன் செக்கனுக்கு 7 மீற்றராகப் புறப்பட்ட வாயு, அமுக்கம் 50 ஆகத் தாழும் இடத்தில் ஏறத்தாழ 10 மீற்றர் வேகம் பெற்றுவிடும்.

ஓட்டத்தைக் குறைத்துவிடலாகாதோ எனின், ஆகும். பல காலம் அவ்வாறே செய்தனர். ஆனால் கருவி நூறு கிலோமீற்றர் செல்லும் வரை வாயுவின் ஓட்டத்தை மூன்றிலொன்றாக்கினால், குழாயின் மறுமுனையிலுள்ள மின்னிலையங்களும் வீடுகளும் அத்துணை நேரம் குறைவைத் தாங்கவேண்டும். குளிர்நாட்டின் மாரிகாலத்தில் அது நடவாத காரியம். பொருள் நட்டம் கருதிச் சோதனையை ஒத்திவைக்கும் மனப்பான்மை இங்கேதான் பிறக்கின்றது. ஆகவே வாயுவின் வேகத்தைத் தொடாமற் கருவியின் வேகத்தை மட்டும் குறைக்க வழி வேண்டியதாயிற்று.

வண்டிக்குத் தடை போடுவதுபோலக் கருவிக்கும் தடை பொருத்தலாம் என்பது முதலில் தோன்றும் எண்ணம். அது பயன்படாது. தடை உராய்வைக் கூட்டும். உராய்வு கூடப் பின்புறத்து வாயு மேலும் நெருங்கி அமுக்கத்தை உயர்த்தும். இறுதியிற் கருவி வாயுவின் வேகத்தையே அடைந்தாக வேண்டும். பின்னால் வரும் வாயுவுக்குச் செல்ல வேறு வழியில்லை என்பதே காரணம். ஆதலால் அதற்கு வழியொன்று விடுதலே தக்கது. கருவியின் உடலை நீள்வாட்டத்தில் துளைத்து, வாயுவின் ஒரு பகுதி கருவியினூடாகவே முன்னே சென்றுவிடுமாறு அமைப்பர். மிதிவண்டிப் பம்பின் தோல் தேய்ந்தாற் கைப்பிடியை எவ்வளவு தள்ளினும் காற்று பின்னே நழுவும் அன்றோ? பம்பிற் குறையாவது இங்கே குணமாகின்றது. துப்புரவுக் கருவியில் இத்துளைக்கு மற்றொரு பயனும் உண்டு: பீறிச்செல்லும் வாயு முன்னே திரண்ட தூளைக் கலைத்து, அது கட்டியாகி வழியை அடைக்காதபடி காக்கும்.

துளையின் அளவை எவ்வாறு தீர்மானிப்பது என்பதே நுட்பமான பகுதி. சீரான வேகத்திற் செல்லும் கருவியில் உந்தும் விசையும் உராய்வு விசையும் சமம். மேற்கூறிய 36 அங்குலக் குழாயிற் கருவியின் உராய்வு 45,000 நியூற்றன் எனக் கொள்க. அப்போது கருவியின் இருபுறத்து அமுக்க வேறுபாடு, துளை உண்டாயினும் இன்றாயினும், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 72,600 நியூற்றனாகவே இருத்தல் வேண்டும். அவ்வேறுபாடே துளையினூடு வாயுவைத் தள்ளுவது. 60 வளிமண்டல அமுக்கத்தில் இயற்கை வாயுவின் அடர்த்தி கனமீற்றருக்குச் சுமார் 46 கிலோகிராம். ஓட்டத்தில் நேரும் சிறு இழப்புக்களை விடுத்துப் பேணூயியின் தேற்றப்படி கணித்தால், துளையூடு வாயு கருவியைச் சார்ந்து செக்கனுக்கு 56 மீற்றர் வேகத்திற் பாயும். துளையின் பரப்புக் குழாயின் பரப்பில் எட்டிலொன்றாயின், குழாய் முழுவதற்கும் பகிர்ந்து காணும்போது 7 மீற்றர் வேகம் கழிந்துபோகும். வாயு 10 மீற்றர் வேகத்திற் செல்லக் கருவி 3 மீற்றர் வேகத்திற் செல்லும்.

இக்கணக்கிற் கவனிக்கவேண்டியது, கழிந்தது எழுபது வீதமன்று, 7 மீற்றர் என்பதே. விகிதம் மாறாது கழியுமாயின் வாயு தளரும்போது கருவியும் அளவாகத் தளரும். ஆனால் கழிவது மாறாத ஒரு தொகை. நுகர்வு குறைந்து வாயுவின் வேகம் 10 இலிருந்து 7 ஆகத் தாழுமாயின் மீதி ஒன்றுமில்லை. வாயு முழுவதும் துளைவழியே சென்றுவிட, கருவி மண்ணுக்கடியில் எங்கோ நின்றுவிடும். தடித்த சுவரை அடைந்து உராய்வு இருமடங்காயின், அமுக்க வேறுபாடும் இருமடங்காகித் துளையூடு பாயும் வேகம் 79 மீற்றராகும், கழிவு 9.9 மீற்றர், 10 மீற்றர் வேகமுள்ள வாயுவிற் கருவி ஊர்வது 0.1 மீற்றர் மட்டுமே. துளையின் அளவு மாறாதிருக்கும் கருவி, குழாயும் ஓட்டமும் ஒருசீராய் உள்ள இடத்துக்கே தக்கது என்பது இதனாற் பெறப்படும்.

எனவே துளைக்கு ஒரு வால்வு பொருத்தப்பட்டது. சாளரங்கள் வெட்டிய இரு தட்டுக்களுள் ஒன்று மற்றொன்றின்மேல் திரும்புதல் ஓர் அமைப்பு. உறையொன்று முன்பின் நகர்ந்து வாயிலைத் திறந்து மூடுதல் பிறிதோர் அமைப்பு. மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் அதனைத் திருப்பும். கருவியின் உள்ளேயுள்ள கணிப்பொறி வேகத்தை இடைவிடாது நோக்கி, குறித்த அளவிலும் கூடினால் வால்வை அகலத் திறக்கும், குறைந்தால் ஒடுக்கும். உராய்வு கூடித் தளரும் கருவியில் வால்வு ஒடுங்க உந்துவிசை உடனே வலுக்கும். தடித்த பகுதியை விட்டுப் பாய முற்படும்போது வால்வு திறக்க, நெருங்கிய வாயு முன்னே ஓடிவிடும். மின்கலம் ஓய்ந்துவிட்டால் வால்வு எந்நிலையில் நிற்கவேண்டும் என்பதையும் முன்னரே எண்ணவேண்டும். திறந்து நின்றாற் கருவி வழியிற் கிடந்துவிடும். மூடிக்கொண்டாற் பதிவு கெடினும் கருவி வந்துசேரும். ஆதலின் பழுதுற்ற வேளையில் மூடிக்கொள்ளுமாறு அமைத்தலே முறை. எனினும் வால்வு திரும்பச் சிறிது நேரம் வேண்டும். பெரும் பாய்ச்சலோ கண்ணிமைப்பொழுதிற் தொடங்கிவிடும். ஆகையால் வால்வுடைய கருவிக்கும் பாய்ச்சல் அறவே நேராது என்று கொள்ளுதல் தவறு.

கணிப்பொறி வேகத்தை எவ்வாறு அறியும்? சுவரில் அழுந்தி உருளும் சிறு சில்லுகளே அதற்குக் கண். சில்லொன்று சுழலும் தடவைகளை எண்ணித் தூரமும், தூரத்திலிருந்து வேகமும் கணிக்கப்படும். மெழுகிலும் ஈரத்திலும் சில்லு வழுக்கும். வழுக்கிய சில்லு குறைத்தே எண்ணும். அதனாற் பல சில்லுகளைப் பொருத்தி, அவற்றுட் கூடிய எண்ணைத் தருவதையே மெய்யெனக் கொள்வர். வழுக்கிய சில்லை நம்பும் கருவி, விரைந்தோடும்போதும் தான் மெதுவாகச் செல்வதாக எண்ணி வால்வை மூடி மேலும் விரையும். ஒட்டிய மூட்டுக்களைக் கடக்கும்போது எழும் குறிகளை எண்ணியும், தரைமேல் இடையிடையே வைத்த அடையாளப் பொறிகள் கருவி கடந்த நேரத்தைக் குறித்தும் பின்னர்த் தூரம் திருத்தப்படும். மண்ணைத் தோண்டுவோனுக்கு ஒரு மீற்றர் பிழையும் வீண் உழைப்பு.

பயண முடிவிற் கருவி குழாயிலும் சற்று அகன்ற ஏற்பறையுட் புகும். அங்கு வாயுவைப் பக்கக் குழாய்வழி திருப்பி, அறையினுள் அமுக்கம் முழுவதும் இறங்கியமை உறுதியான பின்னரே கதவைத் திறப்பர். எஞ்சிய சிறிது அமுக்கமும் கதவையோ கருவியையோ எறிபடையாக்கிவிடும் என்பது தொழிலாளர் நன்கறிந்த செய்தி. வெளியே எடுத்த கருவியின் பதிவை ஆராய்வோர், துருவுக் குழிகளைத் தேடுமுன் நோக்குவது வேகக் கோட்டையே. வரம்பைக் கடந்து பாய்ந்த இடங்கள், குழி காணப்படாவிடினும், நலமுடையன என எழுதப்படுவதில்லை. சோதிக்கப்படாதவை எனத் தனியே குறிக்கப்படுகின்றன. அவற்றின் நீளத்தையும் அவ்விடத்து மக்கள் நெருக்கத்தையும் பார்த்து, கருவியை மீண்டும் ஓட்டுவதா, அன்றி மண்ணை அகழ்ந்து நேரே காண்பதா என்பதைக் குழாய்க்குப் பொறுப்பானவர் முடிவு செய்வர்.